ஆறும் எட்டும் ஒன்றாகத் தெரிந்த திரை

நொச்சிக்குப்பத்தில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மையார் ஒருநாள், "சார், காலேஜ்ல பாடம் எடுத்தவருதானே, வீட்டாண்ட வந்து எங்க டிவிய ஒரு வாட்டி பாத்துட்டுப் போங்க" என்றார். நான் கற்பித்தது பொருளாதாரம், தொலைக்காட்சிப் பழுதுபார்ப்பு அல்ல என்று சொல்லியும் அவர் விடவில்லை. மகள் பி.காம். இறுதியாண்டு மாணவி. மடிக்கணினியின் திரை விரிசல் கண்டுவிட்டதால், வீட்டிலுள்ள 32 அங்குலத் தொலைக்காட்சியுடன் எச்டிஎம்ஐ கம்பி வழியாக அதை இணைத்துக் கணக்குப் பதிவியல் பயிற்சி செய்துவந்தார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. எக்செல் தாளில் 6 எது, 8 எது என்று பிரித்தறிய முடியவில்லை. திரையின் அடியில் இருக்க வேண்டிய டாஸ்க்பார் கண்ணிலேயே படவில்லை. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, இந்தப் பெட்டி இவ்வளவுதான், 4கே பெட்டிக்கு மாறிவிடுங்கள் என்று மாதத்தவணை விவரத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார். பழைய பெட்டிக்கான தவணையே இன்னும் முடிந்தபாடில்லை.

தவணை என்ற சொல்தான் என்னை அந்த வீட்டுக்கு இழுத்துச் சென்றது. என் மடிக்கணினியை வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைக்க நானே ஒருமுறை ஒரு வாரம் திண்டாடியிருந்ததால், எங்கே பார்க்க வேண்டும் என்பதும் ஓரளவு தெரியும்.

கம்பியைச் செருகியவுடன் தொலைக்காட்சி தன்னைப் பற்றிய ஒரு சிறு குறிப்பை மடிக்கணினிக்கு அனுப்புகிறது. இடிஐடி எனப்படும் அந்தக் குறிப்பின் அடிப்படை அளவு 128 பைட்டுகள் மட்டுமே. எந்தெந்தப் பிரிதிறனில் படத்தை ஏற்பேன், நொடிக்கு எத்தனை முறை புதுப்பிப்பேன், எது எனக்கு உகந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். மடிக்கணினி அதை அப்படியே நம்பிப் படத்தை அனுப்புகிறது. ஆனால், ஏற்றுக்கொள்வதாகச் சொல்வதும் உள்ளபடி காட்ட முடிவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

கடைக்காரர்கள் 'ரெசல்யூஷன்' என்பதைத்தான் பிரிதிறன் என்கிறோம். குறுக்கும் நெடுக்குமாகத் திரையில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு அது. அந்த வீட்டுப் பெட்டி 'எச்டி ரெடி' வகை. அதன் திரையில் 1366 × 768, அதாவது 10,49,088 புள்ளிகள். மடிக்கணினியோ முழு எச்டி அளவான 1920 × 1080 புள்ளிகளை, அதாவது 20,73,600 புள்ளிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. பெட்டி மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழப் பாதிப் புள்ளிகளுக்குள் அதைத் திணித்தது. திரைப்படத்தில் இது உறுத்தாது. முகமும் கடலும் அசைந்துகொண்டே இருக்கும். ஓர் எண்ணின் கோடோ ஒன்றிரண்டு புள்ளி அகலம் மட்டுமே உடையது. திணிக்கும்போது கலங்குவது அந்தக் கோடுதான்.

டாஸ்க்பார் காணாமற்போன கதை இன்னும் பழையது. 1975 ஆகஸ்டில் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கிய காலத்துப் பெட்டிகள் யாவும் படக்குழாய் கொண்டவை. குழாயின் விளிம்பில் படம் சீராக நிற்காது என்பதால், ஓரங்கள் சட்டத்துக்குப் பின்னால் மறையும்படி படத்தைச் சற்றே பெரிதாக்கிக் காட்டுவார்கள். குழாய் ஒழிந்தது, வழக்கம் ஒழியவில்லை. இன்றைய தட்டைத் திரைகள் பலவும் காரணமே இல்லாமல் ஓரங்களை வெட்டுகின்றன.

மடிக்கணினியின் 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' பகுதியில் பிரிதிறனை 1366 × 768 ஆக்கினோம். (சில பெட்டிகளில் 1360 × 768 என்று இருக்கும், அதுவும் போதும்.) தொலைக்காட்சியின் பட அமைப்பில் 'ஸ்கிரீன் ஃபிட்' என்பதைத் தேர்ந்தெடுத்தோம், வேறு நிறுவனப் பெட்டிகளில் இதையே 'ஜஸ்ட் ஸ்கேன்' என்பார்கள். அந்த எச்டிஎம்ஐ இணைப்புக்குப் 'பிசி' என்று பெயர் மாற்றினோம். பல பெட்டிகளில் இந்தப் பெயரைக் கண்டால்தான் நிற விவரத்தைக் குறைக்கும் சினிமாப் பழக்கம் நின்று, சிவப்பு எழுத்தின் ஓரத்தில் கசிவு மறையும். பத்து நிமிட வேலை. ஆறு ஆறாகவும் எட்டு எட்டாகவும் தெரிந்தன.

கடைக்காரர் சொன்னபடி 4கே பெட்டி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு வீடு தள்ளி ஒருவர் வாங்கியிருந்தார். அங்கே மடிக்கணினியை இணைத்தால் சுட்டெலியின் அம்புக்குறி தத்தித் தத்தி நகர்ந்தது. 4கே என்பது 3840 × 2160. ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 முறை, புள்ளிக்கு 24 பிட் என்றால் நொடிக்குச் சுமார் 1,190 கோடி பிட்டுகள் கம்பியில் ஓட வேண்டும். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 வாயிலின் உச்ச வரம்பே 1,020 கோடிதான். ஆகவே அத்தகைய வாயில் உள்ள மடிக்கணினி, புள்ளிகளைக் குறைக்காமல் வேகத்தை 30 ஆகக் குறைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு படமும் 17 மில்லிநொடிக்குப் பதில் 33 மில்லிநொடி நிற்கிறது. நொடிக்கு 24 படங்களே கொண்ட சினிமாவில் இது தெரியாது. தட்டச்சு செய்பவருக்குத் தெரியும். 2013இல் வந்த 2.0 வாயில் நொடிக்கு 1,800 கோடி பிட் வரை தாங்கும்; ஆனால், பழைய மடிக்கணினியில் அது இல்லையென்றால் புதிய தொலைக்காட்சியால் பயனில்லை. அந்த வீட்டில் 1920 × 1080க்கு இறக்கி, வேகத்தை 60 ஆக்கினோம். 4கே அகலத்திலும் உயரத்திலும் இதன் சரி இரு மடங்கு என்பதால் எழுத்து கலங்கவும் இல்லை.

ஒன்றில்லாமல் மற்றொன்று முழுப் பயன் தராதவற்றை நிரப்புப் பண்டங்கள் என்று வகுப்பில் சொல்வேன். காரும் பெட்ரோலும் பாடப்புத்தக உதாரணம். தமிழக அரசே இதில் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2006 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி வழங்கப்பட்டது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. இரண்டுக்கும் கொள்முதல் செய்தது எல்காட் நிறுவனமே. முன்னது படக்குழாய்ப் பெட்டி. எச்டிஎம்ஐ வாயில் அதில் கிடையாது. ஒரே வீட்டில், ஒரே அரசு தந்த இரு திரைகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் இருந்தன. 2006இல் நின்றுகொண்டு 2011ஐ ஊகிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலவசம் என்று இத்திட்டங்களை ஏளனம் செய்வோருடனும் எனக்கு உடன்பாடில்லை. அந்த மாணவியைப் போன்றோர் வீட்டுக்குள் முதல் கணினி நுழைந்தது அப்படித்தான்.

இன்று தட்டைத் திரை இல்லாத வீடு குப்பத்திலும் அரிது. ஆனால், பெட்டியின் அட்டையில் 'எச்டி ரெடி' என்ற எழுத்து பெரிதாக இருக்கிறது; 1366 × 768 என்ற எண் ஏதோ ஓர் ஓரத்தில் இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தை எப்படிச் சீர்கெடும் என்பதை ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். இங்கே விற்பவருக்கும் தெரியவில்லை என்பது கூடுதல் சிக்கல். திரையின் உண்மையான புள்ளிக் கணக்கை அட்டையின் முகப்பில் தமிழில் அச்சிடச் சொல்லலாம். அரசு தரும் மடிக்கணினியின் பெட்டிக்குள், அதன் வாயில் எந்த வேகம் வரை தாங்கும், தொலைக்காட்சியுடன் எப்படி இணைப்பது என்று ஒரு பக்கத் தாள் வைக்கலாம்.

அந்தத் தாளை அம்மாணவி தன் கையெழுத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டார். அடுக்ககத்தில் நான்கு வீடுகளில் அதைப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்களாம். தவணை விவரம் எழுதிய சீட்டின் பின்பக்கத்தில்தான் எழுதியிருந்தார்.