உறக்கத்தைக் கலைக்கும் கட்டுமான வெளிச்சம்

“இரவெல்லாம் பகல்போல் இருக்கிறது டாக்டர், கண்ணை மூடவே முடியவில்லை.” சன்னலோரப் படுக்கைகளில் இருப்பவர்களிடம் நாங்கள் அவ்வப்போது கேட்கும் முறையீடு இது. கோவில்பத்தில் அருகே புதிய கட்டடம் எழும் காலங்களில் இது மிகுதியாகும். ஆகவே, உறக்க மருந்தைக் கூட்டுவதற்கு முன், திரைச்சீலையை விலக்கி வெளியே பார்ப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளோம்.

கூரைக்குக் கான்கிரீட் போடத் தொடங்கினால் நடுவில் நிறுத்துவது கடினம். இரவுப் பணி சில நாள்களில் தவிர்க்க இயலாதது. விளக்குகளை அணைக்குமாறு நாங்கள் கூறமாட்டோம். சாரத்திலிருந்து தவறி விழும் தொழிலாளிக்குச் சிகிச்சை அளிப்பவர்களும் நாங்களே. குறை வெளிச்சத்தில் இல்லை. அது செல்லும் திசையில் உள்ளது.

வெளிச்சம் எங்கே போகிறது?

தாழ்ந்த கம்பத்தில் முகம் நிமிர்த்திக் கட்டப்பட்ட ஃபோகஸ் விளக்கின் ஒளியில் ஒரு பகுதி பணியிடத்தைத் தாண்டி எதிர்வீட்டுச் சன்னலுக்குள் நுழைகிறது. மற்றொரு பகுதி வானுக்குச் செல்கிறது. அடிவானத்திற்குச் சற்று மேலாகச் செல்லும் கதிரே காற்றில் நெடுந்தொலைவு பயணம் செய்கிறது. நம் கடற்கரைக் காற்றின் ஈரமும் கட்டுமானத் தூசியும் அதனைச் சிதறடிப்பதால் வானம் வெளுத்துத் தோன்றுகிறது.

உடலுக்கு என்ன நேர்கிறது?

ஒளியை உணர்ந்து மூளையின் உடற்கடிகாரத்திற்குச் செய்தி அனுப்பும் தனிவகைச் செல்கள் விழித்திரையில் இருப்பது 2002இல் கண்டறியப்பட்டது. நீலம் கலந்த வெண்ணொளியே அவற்றை மிகுதியாகத் தூண்டும். அப்போது உறக்கத்திற்கு உதவும் மெலடோனின் சுரப்பு குறைகிறது. நோயுற்றவர் உறக்கம் இழந்தால் வலி கூடுதலாகத் தெரியும். இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். முதியவர்களுக்கு மனக்குழப்பம் நேரலாம்.

இது நமக்கு மட்டுமன்று. சோழமண்டலக் கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள், ஒளி மிகுந்த திசையே கடல் என நம்பி விளக்குகளை நோக்கி ஊர்ந்து மடிகின்றன.

பணித்தளத்தில் செய்யத்தக்கவை

• விளக்கின் கண்ணாடி தரையை நோக்கியே இருக்க வேண்டும். கம்பத்தை உயர்த்தி, ஒளியைக் கீழ்நோக்கித் திருப்புவது நன்று.
• பக்கங்களிலும் மேலும் தகட்டு மறைப்பு இடலாம்.
• 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் சாயல் விளக்குகளைப் பயன்படுத்தலாம்.
• பணி முடிந்ததும், காவலுக்குத் தேவையானவை தவிர மற்றவற்றை அணைக்கலாம்.

உடனிருப்போர் செய்யத்தக்கவை

சன்னல் வழியே வெளிச்சம் விழுந்தால் செவிலியரிடம் தெரிவியுங்கள். தடித்த திரைக்கோ வேறு படுக்கைக்கோ இயன்றவரை ஏற்பாடு செய்வோம். அறையை முற்றிலும் இருட்டாக்காதீர்கள். கழிவறைக்கு எழுபவர் இடறி விழக்கூடும். தரையருகே மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று போதும். கைப்பேசித் திரையும் நோயாளியின் முகத்திற்கு நேரே ஒளிர வேண்டாம். மருத்துவரைக் கேளாமல் உறக்க மாத்திரை தர வேண்டாம்.

வீடு திரும்பிய பின்னும் இதே இடர் தொடர்ந்தால், பணித்தள மேற்பார்வையாளரிடம் விளக்கின் முகத்தைச் சற்றுத் தாழ்த்துமாறு அன்புடன் கேளுங்கள். அவருக்கு அது ஏணியேறிச் செய்யும் சிறு வேலை. உங்கள் நோயாளிக்கு ஓர் இரவின் உறக்கம்.