கையில் குழந்தை, கல்லூரியில் படிப்பு!

வயது 18. மடியில் 4 மாதக் குழந்தை. கணவர் காலமாகிவிட்டார்.

1937-ம் ஆண்டில் ஒரு பெண்ணுக்கு இந்த நிலை வந்தால், பல குடும்பங்களில் அவளை மூலையில் உட்கார வைப்பார்கள். நல்ல காரியத்துக்கு அழைக்கமாட்டார்கள். ஆயுள் முழுவதும் பிறர் கையைப் பார்த்துத்தான் அவள் சாப்பிட வேண்டும். குழந்தையின் கதியும் அதுதான்.

சென்னையில் பிறந்த லலிதா மூலையில் உட்காரவில்லை. படித்தார். இந்தியாவின் முதல் பெண் எலக்ட்ரிக்கல் என்ஜினீயர் ஆனார்!

15 வயதில் திருமணம்

அய்யலசோமயாஜுல லலிதா பிறந்தது 1919-ம் ஆண்டு. தெலுங்குக் குடும்பம். தகப்பனார் பப்பு சுப்பாராவ், கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் பேராசிரியர்.

லலிதாவுக்கு 15 வயதில் திருமணம் நடந்தது. 1937-ல் பெண் குழந்தை பிறந்தது. நான்கே மாதத்தில் கணவர் இறந்தார்.

லலிதா அழுது ஓயவில்லை. "நான் சம்பாதிக்க வேண்டும், என் குழந்தையை நானே வளர்க்க வேண்டும்" என்று முடிவு செய்தார். ராணி மேரி கல்லூரியில் சேர்ந்து இன்டர்மீடியட் தேறினார்.

அடுத்து என்ன படிப்பது? டாக்டர் படிப்பு பெண்களுக்குத் திறந்திருந்தது. ஆனால் டாக்டர் என்றால் நடுச்சாமத்திலும் ஓட வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையை விட்டுப் போக லலிதாவுக்கு மனம் வரவில்லை. குறித்த நேரத்தில் போய், குறித்த நேரத்தில் வீடு திரும்பும் வேலை வேண்டும் என்று நினைத்தார். என்ஜினீயரிங் படிக்க ஆசைப்பட்டார்.

கதவு திறந்தது!

கிண்டிக் கல்லூரி 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியது. அதுவரை அங்கே ஒரு பெண்கூடப் படித்ததில்லை. தகப்பனார் மகளுக்காகப் பேசினார். கல்லூரி முதல்வர் சாக்கோ சம்மதித்தார். கல்வித் துறையும் அனுமதி தந்தது. 1940-ல் லலிதா சேர்ந்தார்.

அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்! அவர் தனியாகத் தவிக்கக் கூடாது என்று, மற்றப் பெண்களும் சேரலாம் எனக் கல்லூரி அறிவித்தது. லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இருவர் வந்து சேர்ந்தார்கள். இந்தத் திரேசியா பிற்காலத்தில், 1971-ல், கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை என்ஜினீயர் ஆனார்!

லலிதா விடுதியில் தங்கிப் படித்தார். குழந்தையை வீட்டார் வளர்த்தார்கள். 1943-ல் படிப்பு முடிந்தது. பட்டச் சான்றிதழில் "அவன்" என்றுதான் அச்சடித்திருந்தது. அதை அடித்துவிட்டு, "அவள்" என்று எழுதிக் கொடுத்தார்கள்!

அணைக்கட்டில் பங்கு

ஜமால்பூர் ரெயில்வே தொழிற்சாலையில் லலிதா பயிற்சி பெற்றார். சிம்லாவில் சர்க்கார் வேலை பார்த்தார். 1948-ல் கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனியில் என்ஜினீயர் ஆனார். பக்ராநங்கல் அணையின் மின்சார ஜெனரேட்டர் வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

1964-ல் நியூயார்க்கில் உலகப் பெண் என்ஜினீயர்கள், விஞ்ஞானிகள் மாநாடு முதல் முறையாக நடந்தது. அதற்கு லலிதா போய் வந்தார்.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தம் சம்பளத்தில் மகளை வளர்த்தார், படிக்க வைத்தார். 1979-ல் காலமானார்.

மூன்று துணை

லலிதா கெட்டிக்காரர். ஆனால் கெட்டிக்காரத்தனம் மட்டும் போதுமா? அவருக்கு மூன்று துணை இருந்தது.

ஒன்று: படிக்க வைக்கக் குடும்பத்தில் வசதி இருந்தது.

இரண்டு: கல்லூரி கதவைத் திறந்தது.

மூன்று: குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தது.

இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் என்ஜினீயர் ஆகியிருக்க முடியுமா?

பேராசிரியர் தகப்பனார் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. லலிதா பிறப்பதற்கு முன்பே இதை எண்ணிப் பார்த்தவர் சகோதரி சுப்பலட்சுமி. அவரும் சிறு வயதில் கணவரை இழந்தவர்தான். 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே சென்னையில் இளம் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். பிறகு அது கடற்கரை ஐஸ் ஹவுசில் நடந்தது. அங்கே தங்கிப் படித்த பெண்களில் பலர் ஆசிரியை ஆனார்கள். சொந்தக் காலில் நின்றார்கள்.

இன்று என்ன வழி?

தாய் மட்டுமோ, தகப்பன் மட்டுமோ உள்ள வீட்டில் சம்பாதிப்பது ஒருவர்தான். அவர் கூலி வேலைக்குப் போனால், அன்றைய கூலி அன்றைய அரிசிக்குச் சரி. காய்ச்சல் வந்து படுத்தால் அடுப்பு எரியாது. படித்து மாதச் சம்பள வேலைக்குப் போனால், ஒரு வாரம் படுத்தாலும் அடுப்பு அணையாது. பட்டத்தின் பலன் இதுதான்.

படிக்கும் செலவைக் குறைக்கத் தமிழ்நாட்டில் பல திட்டங்கள் வந்திருக்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வரும் பிள்ளைக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை தரும் திட்டம் 2010-ல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022-ல் வந்தது. மாணவர்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" திட்டம் 2024-ல் வந்தது.

இவை பிள்ளைகளுக்கு. தாய் படிக்க ஆசைப்பட்டால்?

அதற்கும் வழி உண்டு. வேலையை விடாமல், வீட்டிலிருந்தே பட்டம் படிக்கலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லும் இதற்காகவே தொடங்கப்பட்டன.

குழந்தையை யார் பார்ப்பது?

கட்டணத்துக்குச் சலுகை உண்டு. கல்லூரிக் கதவும் திறந்திருக்கிறது. மூன்றாவது துணைதான் இன்றும் கஷ்டம். அங்கன்வாடியில் கைக்குழந்தையை நாள் முழுவதும் விட முடியாது. காப்பகத்தில் விடப் பணம் வேண்டும். தாய் பரீட்சை எழுதப் போனால், தொட்டிலை யார் ஆட்டுவது?

இந்த உதவிக்குச் சட்டம் வேண்டியதில்லை, மனம் வேண்டும். பாட்டி செய்யலாம். அண்ணி செய்யலாம். பக்கத்து வீட்டு அம்மாள் செய்யலாம். வாரத்தில் ஒரு நாள், சில மணி நேரம் போதும்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு தாய் இருப்பாள். "ஐயோ பாவம்" என்று சொல்லி அவளைக் கடந்து போகாதீர்கள். "குழந்தையை என்னிடம் கொடு. நீ போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வா" என்று சொல்லுங்கள்.

அந்த ஒரு வார்த்தையில் ஒரு குடும்பம் கரை ஏறும்!