பெயரில் காளான், நோயோ புற்றுநோய்

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சொல்லைக் கண்டால் அதன் வேரைத் தேடுகிற பழக்கம் உண்டு. ‘மைக்கோசிஸ் பங்கோய்டீஸ்’ என்ற நோயின் பெயரில் அப்படித் தேடினால் பிழையான இடத்துக்கே போய்ச் சேருவோம். இரண்டு சொற்களும் பங்கசையே சுட்டுகின்றன. நோய்க்கும் பங்கசுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1806இல் பாரிஸ் நகரத் தோல் வைத்தியர் அலிபேர் இதனை விவரித்தார். நோயாளியின் உடலில் எழுந்த கட்டிகள் காளானைப் போலிருந்ததால் வந்த பெயர் இது.

உண்மையில் இது லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்களுள் அரிதான ஒன்று. கிருமிகளோடு போராட வேண்டிய வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை, கட்டுமீறிப் பெருகித் தோலில் தங்கிவிடுகிறது. ஏனைய லிம்போமாக்கள் பெரும்பாலும் கழுத்திலோ கமுக்கட்டிலோ நெறி கட்டித்தான் தெரியவரும். இதுவோ தோலில் தொடங்குகிறது. மற்றவருக்குத் தொற்றாது.

இதன் போக்கை மூன்று படிகளாகச் சொல்வர். முதலில் தட்டையான, செதில் உதிரும் திட்டுகள். சொறி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அடுத்தது தடித்த படைகள். பிறகு கட்டிகள்; அவை புண்ணாவதும் உண்டு. முற்றினால் நெறிகளுக்கும் குருதிக்கும் உள்ளுறுப்புகளுக்கும் பரவலாம். ஆனால் எல்லோருக்கும் மூன்று படியும் வருவதில்லை. பலருக்கு முதற்படியிலேயே வருடக்கணக்கில் நிற்கும்.

கருநிறத் தோலில் சிலருக்கு, குறிப்பாகச் சிறுவர்க்கும் இளவயதினருக்கும், இத்திட்டுகள் சிவக்காமல் வெளிறித் தோன்றும். “தேமல்தானே, எதையாவது பூசினாச் சரி” என்று விட்டுவிடுகிறோம். பாமசியில் வாங்கிய ஸ்டீரொய்ட் களிம்பைப் பூசினால் கொஞ்சம் மங்கும். நிறுத்தினால் திரும்பவும் வரும். அந்த மங்கலே நம்மை ஏமாற்றிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திட்டுகள் அதிகம் வருவது வெயில் படாத இடங்களில்: இடுப்பு, பிட்டம், தொடை, மார்பு. வெட்கத்தில் வைத்தியரிடம் கையை மட்டும் காட்டிவிட்டு வருவோர் நம்மில் எத்தனை பேர்! மருத்துவத் தேவைக்காக அவ்ரத்தைக் காட்ட மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

தோலில் சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தே நோயை உறுதிசெய்வர். முதற்தடவையில் பிடிபடாமலும் போகலாம். திரும்பவும் எடுக்கச் சொன்னால் பயப்படத் தேவையில்லை. சிறிதளவு திட்டுகளோடு ஆரம்பத்திலேயே கண்டால் களிம்பும் ஊதாக்கடந்த ஒளிச் சிகிச்சையுமே பெரும்பாலும் போதும். அத்தகையோரின் ஆயுள் மற்றவர்களைப் போலவேதான் என்கிறது மருத்துவம்.

ஆகவே மாதக்கணக்கில் மாறாத, மாறி மாறித் திரும்பி வருகிற திட்டு இருந்தால் களிம்பை மாற்றிக்கொண்டிராமல் தோல் கிளினிக்குக்குப் போங்கள். எத்தனை காலமாக இருக்கிறது, எதைப் பூசினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.