மாற்று ஈரலும் புதிதாக வரும் சலரோகமும்

ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சிலருக்கு, முன்பு இல்லாத சலரோகம் புதிதாக வருகிறது. சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டதோ என்று நாங்கள் பயந்துவிடுகிறோம். அப்படியல்ல. காரணம் பெரும்பாலும் புதிய ஈரலைக் காக்கும் குளிசைகளே.

மனிதருக்கான முதல் ஈரல் மாற்றை 1963 இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் வைத்தியர் தோமஸ் ஸ்டார்சில் செய்தார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. பிறர் உறுப்பை உடல் எதிர்ப்பதே அக்காலத்தின் பெருந்தடை. 1980களில் சைக்கிளோஸ்போரினும் 1990களில் டக்ரோலிமசும் வந்த பிறகே பலர் நெடுநாள் வாழத் தொடங்கினர்.

உயிர் காக்கும் டக்ரோலிமஸ், கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைக்கிறது. கூடக் கொடுக்கப்படும் பிரெட்னிசோலோன், சுரந்த இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. பெற்றோர் சகோதரருக்குச் சலரோகம் உள்ளவர்கள், உடல் பருத்தவர்கள், ஹெப்படைட்டிஸ் சி கிருமியால் ஈரல் கெட்டவர்கள் கூடிய கவனமாக இருக்கவேண்டும். தெற்காசியர்களான எங்களுக்குச் சலரோகம் இயல்பாகவே அதிகம்.

எப்போது சோதிப்பது?

வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் (126 மில்லிகிராம்) அல்லது அதற்கு மேல் திரும்பவும் காட்டினால் சலரோகம் எனலாம். ஆனால் பிரெட்னிசோலோனைக் காலையில் எடுப்பவருக்குப் பின்னேரமே சீனி ஏறும். காலைச் சோதனை மட்டும் ஏமாற்றிவிடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும், இரத்தம் ஏற்றியவருக்கும் இரத்தச்சோகை உள்ளவருக்கும் முதல் மாதங்களில் பிழையாகக் காட்டலாம். மருந்தின் அளவு குறையக் குறையச் சிலருக்குச் சீனியும் இறங்கும். ஆகவே முதல் வாரங்களின் கணக்கை வைத்து மட்டும் முடிவு சொல்லமாட்டார்கள்.

எங்கள் வீடுகளில்

சீனி கூடுகிறதென்று எதிர்ப்புத் தடுப்புக் குளிசையை நாங்களாக நிறுத்தக்கூடாது. குறைக்கவும் கூடாது. நிறுத்தினால் ஈரலையே இழக்க நேரிடும். அளவை மாற்றுவதும் வேறு மருந்து தருவதும் வைத்தியரின் வேலை. ஊரிலிருந்து வந்த மூலிகை மருந்தையும் அவரிடம் காட்டாமல் எடுக்கவேண்டாம். கிரேப்புறூட் பழமும் சாறும் டக்ரோலிமசை இரத்தத்தில் கூட்டிவிடும். அவற்றைத் தவிர்க்கவேண்டும்.

சோறு, பிட்டு, இடியப்பத்தின் அளவைக் குறைத்து மரக்கறி, பருப்பு, மீனைக் கூட்டுங்கள். தேத்தண்ணீருக்குச் சீனி வேண்டாம். இன்சுலின் போடுபவர் கந்தசஷ்டி விரதம் பிடிக்கமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் எங்களுக்கு இன்னொன்று. டக்ரோலிமசைப் பொதுவாக 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நேரம் தவறாமல் எடுக்கவேண்டும். வேலை நேரம் மாறுகிறதென்றால் முன்கூட்டியே தாதியிடம் சொல்லுங்கள். இன்சுலின் போட்டுவிட்டு இயந்திரத்தருகே நிற்பவரின் சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கினால் உடனே அதைச் சாப்பிட்டுவிட்டு இருக்கவேண்டும்.

மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இந்தப் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றவேண்டாம். யாரோ ஒருவர் கொடுத்த ஈரல் அது. அதையும் காக்கலாம், சீனியையும் கட்டுப்படுத்தலாம்.