மருந்துக்குப் பிறகு என்ன?

காலொடிந்தவர் கட்டுப் பிரித்ததும் நடை பழகுகிறார். மனநோய் தணிந்து மருத்துவமனையிலிருந்து திரும்புகிறவருக்கு நடை பழக்குவோர் யார்? வேலை, வீடு, நட்பு ஆகியவற்றை அவர் மீண்டும் பெறத் துணை நிற்பதே மனநல மறுவாழ்வுப் பணியாகும்.

இப்பணிக்கு வழிகாட்டியோர் நோயுற்றவர்களே என்பது வியப்பன்றோ? நியூயார்க் மாநிலத்து ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையில் இருந்த சிலர், 'நாம் தனித்தவர் அல்லோம்' என்று பொருள்படும் பெயரில் 1940களில் ஒரு குழு அமைத்தனர். அதன் வழியே 1948இல் 'பவுண்டன் ஹவுஸ்' பிறந்தது. தோட்டத்தில் நீரூற்று இருந்தமையால் அப்பெயர். அங்கு வருவோர் நோயாளிகள் அல்லர், உறுப்பினர்கள். சமையல் முதல் அலுவலகப் பணி வரை ஊழியரோடு தோளிணைந்து அவர்களும் செய்கின்றனர்.

இத்தகைய இல்லங்கள் பெருகவே, பணியாளருக்கென ஓர் அமைப்பு தேவையாயிற்று. 1975இல் அமெரிக்காவில் மறுவாழ்வுப் பணியாளர் சங்கம் தோன்றியது. பின்னர் மாநிலக் கிளைகளும் எழுந்தன. கிளையின் வேலை யாது? சந்தா திரட்டுதல், மாநாடு கூட்டுதல், பயிற்சி வகுப்பு நடத்துதல், தகுதித் தேர்வுக்கு ஆயத்தம் செய்தல், அரசிடம் நிதிக்காக வாதாடுதல்.

சந்தா வராவிட்டால் பயிற்சி நிற்கும். பயிற்சி நின்றால் இல்லத்தில் அன்பு இருக்கும், திறன் இராது. இன்னொன்றும் உண்டு. நோயை அனுபவித்தவருக்கு நிர்வாகக் குழுவில் நாற்காலி இல்லையெனில், சங்கம் தன் பிறப்பையே மறந்ததாகும். அவருக்காகப் பேசுவது எளிது. அவரோடு அமர்ந்து பேசுவதே மறுவாழ்வின் முதற்பாடம்.