மூன்று பக்கக் கட்டுரையும் மேற்கோள் எண்ணிக்கையும்

முன்னுரை

ஓர் ஆய்வாளரின் தகுதியை அவர் எழுதிய கட்டுரைகளின் தொகையாலும், அவற்றைப் பிறர் மேற்கோளாகச் சுட்டிய தொகையாலும் அளந்துரைக்கும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. அறிவியல் துறைகளில் தோன்றிய இவ்வழக்கம் மொழித் துறைகளின் வாயிலுக்கும் வந்துள்ளது. ஆதலின், அவ்வளவுகோல் எதனை அளக்கிறது, எதனை அளக்கவில்லை என ஆராய்தல் நமக்கும் கடனாகும். அமெரிக்கக் கொள்கை இயற்பியலறிஞர் ஸ்டீவன் வைன்பர்க் (1933–2021) எழுதிய ஒரு கட்டுரையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாக அமைகின்றது.

அளவுகோலின் தோற்றம்

ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எங்கெங்குச் சுட்டினர் என்பதைத் தொகுக்கும் அடைவு ஒன்று வேண்டும் என யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் எடுத்துரைத்தார். 1964 முதல் அத்தகைய அடைவு முறையாக வெளிவரலாயிற்று. தொடர்புடைய ஆய்வுகளைத் தேடிக் காண்பதே அதன் முதல் நோக்கம். மனிதரைத் தரப்படுத்துவது பின்னர் வந்து சேர்ந்த பயனாகும். 2005-இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர் 'எச் எண்' என்பதனை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது முறைக்குக் குறையாமல் சுட்டப்பட்டு, இருபத்தொன்றுக்கு அவ்வாறு அமையாவிடின், அவருடைய எண் இருபது ஆகும்.

கட்டுரையின் வரலாறு

வைன்பர்க்கின் கட்டுரை 1967 நவம்பரில் 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வெளிவந்தது. அது மூன்று பக்க அளவினது. மின்காந்த விசையும், கதிரியக்கத்தின் ஒரு வகைக்குக் காரணமாகிய மெல்விசையும் ஒரே அடிப்படையின் இரு கூறுகள் என்பதே அதன் கருத்து. சிட்னி கோல்மன் 1979-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1967, 1968, 1969 ஆகிய மூன்றாண்டுகளிலும் அதனைச் சுட்டியவர் எவருமிலர். 1970-இல் ஒருமுறையும், 1971-இல் நான்கு முறையும் அது சுட்டப்பட்டது. 1972-இல் அத்தொகை 64 ஆயிற்று. 1973-இல் 162 ஆயிற்று.

இம்மாற்றத்திற்குக் காரணம் யாது? இத்தகைய கொள்கைகளைக் கொண்டு கணக்கிடுங்கால் முடிவிலி எண்கள் தோன்றிப் பயனைக் கெடுத்துவிடும். தம் கொள்கையில் அவற்றை நீக்க இயலும் என வைன்பர்க் கருதினார், ஆயினும் நிறுவினாரல்லர். 1971-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், வெல்ட்மனிடம் பயின்ற இளம் ஆய்வு மாணவர் ஜெரார்ட் 'ட் ஹூஃப்ட் இத்தகைய கொள்கைகளில் அவற்றை நீக்கலாகும் எனக் காட்டினார். அதன் பின்னரே அறிஞர் பலர் பழைய மூன்று பக்கங்களைத் தேடி எடுத்தனர். 1973-இல் ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமான செர்னில் நிகழ்ந்த ஆய்வு, அக்கொள்கைக்கு இன்றியமையாத மெல்விசை நிகழ்ச்சி ஒன்றைக் கண்டறிந்தது. கிளாஷோ, சலாம், வைன்பர்க் மூவரும் 1979-இல் நோபல் பரிசினைப் பகிர்ந்து கொண்டனர். கொள்கை முன்னுரைத்த துகள்கள் 1983-இல் கண்டறியப்பட்டன. இன்று அக்கட்டுரையின் மேற்கோள்கள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டன.

ஆராய்ச்சி

1969-இலும் 1973-இலும் அம்மூன்று பக்கங்களும் ஒன்றே. ஓர் எழுத்தும் மாறிற்றில்லை. மாறியது கற்போரின் நிலையே. எனவே மேற்கோள் எண்ணிக்கை நூலின் தகுதியை அளப்பதன்று. உலகம் அதனை ஏற்கும் காலத்தையே அளக்கின்றது. ஈராண்டு மேற்கோள்களைக் கொண்டு இதழ்களை மதிப்பிடும் முறையொன்று இன்று உண்டு. அம்முறையை 1969-ஆம் ஆண்டின் இறுதியில் இக்கட்டுரைக்குப் பொருத்தியிருப்பின், அதன் மதிப்புச் சுழியமே ஆகியிருக்கும்.

எச் எண்ணிலும் ஒரு குறை உண்டு. பதினாயிரம் முறை சுட்டப்பட்ட கட்டுரையும் அவ்வெண்ணில் ஒன்றையே கூட்டும். மூன்றே கட்டுரை எழுதியவர் எத்துணைப் பெரியவராயினும் அவர் எண் மூன்றைக் கடவாது.

இன்னும் ஒன்று: ஒரு கருத்து அனைவர்க்கும் பொதுவுடைமையானபின், அதனைக் கண்டவர் பெயர் சுட்டப்படுதல் குறையும். குற்றியலுகரம் என எழுதுவோர் ஒவ்வொருமுறையும் தொல்காப்பியத்தைச் சுட்டுவதில்லை அன்றோ? ஆகவே முழு வெற்றியும் எண்ணிக்கையில் மறைந்துவிடல் கூடும்.

மேற்கோள் ஆட்சி நமக்குப் புதிதன்று. வளையாபதி முழுமையாக இன்று கிடைத்திலது. உரைகளும் புறத்திரட்டும் எடுத்தாண்ட பாடல்களாலேயே அதனை ஓரளவு அறிகின்றோம். அங்கு ஒரு மேற்கோள் ஒரு பாடலையே காத்தது. சடங்காக அடுக்கப்படும் நூறு மேற்கோள்களோடு அவ்வொன்றை எண்ணால் ஒப்பிடுதல் பொருந்துமா?

முடிவுரை

சுட்டப்படாத கட்டுரை யாவும் மறைந்து கிடக்கும் மணி என்பது எம் கருத்தன்று. பெரும்பாலானவை மறக்கப்படுதற்கே உரியன. எண்ணிக்கை ஒரு குறிப்பு. பலர் சென்ற வழியை அது காட்டும். வழியின் மதிப்பை அறிய நாம் நடந்தே ஆகவேண்டும். ஓர் இளம் ஆய்வாளரின் பணியைத் தேரும் குழுவினர் எண்களை நோக்குவதற்கு முன் அவர் எழுதிய மூன்று பக்கங்களையேனும் படித்தல் வேண்டும். அதற்குக் குறைந்த மதிப்பீடு மதிப்பீடு ஆகாது.