கம்ப்யூட்டரைத் தட்டினால் 70 குதிரை! டர்போ கார் மோகத்தில் பணத்தைக் கொட்டும் வாலிபர்கள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனால் காருக்கு வேண்டிய அலங்காரச் சாமான் அத்தனையும் கிடைக்கும். சீட் உறை, ஸ்பீக்கர், பளபளக்கும் சக்கரம், கலர் கலராக விளக்கு! பழைய சாமான் வேண்டுமா? கொஞ்சம் தள்ளிப் போனால் புதுப்பேட்டை. என்ஜின் முதல் கண்ணாடி வரை கழற்றிக் குவித்து வைத்திருப்பார்கள்.

ஆனால் டர்போ காரின் வேகத்தைக் கூட்ட இந்த இரண்டு இடத்துக்கும் முதலில் போக வேண்டியதில்லை. ஒரு லேப்டாப் போதும்!

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சொருகு துளை இருக்கிறது. கோளாறு பார்ப்பதற்காகக் கம்பெனியே வைத்த துளை. அதில் வயரைச் சொருகுகிறார்கள். காரின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை எடுத்துவிட்டு, வேறு கணக்கை ஏற்றுகிறார்கள். இதற்கு "ரீமேப்" என்று பெயர். ஸ்பேனரைத் தொட வேண்டாம். கையில் கறை கிடையாது. டிபன் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பெரிய டர்போ காராக இருந்தால் 60, 70 குதிரை சக்தி கூடிவிடும்!

அது எப்படி?

புகை சுற்றும் சக்கரம்

சாதாரண என்ஜின் தானாக மூச்சு இழுக்கும். டர்போ என்ஜினுக்கு மூச்சை ஊதி ஏற்றுகிறார்கள். சைலன்சர் வழியாக வீணாய்ப் போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும். கார் சீறும். இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

எவ்வளவு ஊத வேண்டும் என்று உத்தரவு போடுவது கம்ப்யூட்டர். கம்பெனிக்காரர்கள் அதில் கொஞ்சம் கையிருப்பு வைத்துத்தான் காரை வெளியே விடுகிறார்கள். மட்டமான பெட்ரோல், ராஜஸ்தான் வெயில், ஆயில் மாற்ற மறக்கும் சொந்தக்காரர்... இத்தனையையும் என்ஜின் தாங்க வேண்டுமே! லேப்டாப்காரர் கை வைப்பது அந்தக் கையிருப்பில்தான்.

ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். என்று ஒரு கார். 2017-ல் இந்தியாவுக்கு வந்தபோது 2 லிட்டர் டர்போ என்ஜின், 230 குதிரை சக்தி. விலை ஷோரூமில் சுமார் 24½ லட்ச ரூபாய். 2020-ல் வந்தது 245 குதிரை. வந்ததே 200 கார்தான். விலை 36 லட்சத்தைத் தொட்டது. நின்ற இடத்திலிருந்து 100 கிலோ மீட்டர் வேகத்தை 7 விநாடிக்குள் பிடிக்கும். சாதாரண மனுஷனுக்கு இதுவே தலை சுற்றும். சில ஆசாமிகளுக்குப் போதவில்லை! ரீமேப் செய்து 300 குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார்கள். செலவு அரை லட்சம் ரூபாய் என்பது சர்வசாதாரணம்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்தது "ஸ்டேஜ் 2". பெரிய புகைக்குழாய், காற்றைக் குளிர வைக்கும் பெரிய ரேடியேட்டர், வேறு ஏர் பில்டர். அதற்கும் மேலே போனால் டர்போவையே கழற்றிவிட்டுப் பெரிது மாட்டுகிறார்கள். அப்புறம் கார் பணத்தைக் குடிக்கும்.

மணி அடிக்காத ஆபத்து

பெட்ரோலில் ஆக்டேன் என்று ஒரு எண் உண்டு. சாதாரண பெட்ரோலுக்கு அது குறைவு. உசத்தி ரகத்துக்கு அதிகம். 100 வரை விற்கிறார்கள், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். உசத்தி ரகத்துக்குக் கணக்குப் போட்ட ரீமேப்பை ஏற்றிக்கொண்டு, மாசக் கடைசியில் கையில் காசில்லாமல் சாதாரண ரகத்தை ஊற்றினால் என்ன ஆகும்?

பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னால் வெடிக்கும். "நாக்கிங்" என்பார்கள். முதலில் கம்ப்யூட்டர் சமாளித்துப் பார்க்கும். கணக்கு எழுதினவர் அரைகுறை என்றால் அதுவும் கைவிட்டுவிடும். ஒரு நாள் பிஸ்டன் உடைந்து புகை தள்ளும். கம்பெனியில் போய் நின்றால் காப்புறுதிக் காலத்திலும் இலவசமாகச் செய்து தர மாட்டார்கள். பழைய கணக்கைத் திரும்ப ஏற்றினாலும் தடயம் மிஞ்சும். பல கார்களின் கம்ப்யூட்டர் தன்னை எத்தனை தடவை மாற்றி எழுதினார்கள் என்று எண்ணி வைத்துக்கொள்கிறது!

கியர் பெட்டியின் கதை தனி. 1.8 லிட்டர் ஆக்டேவியா டர்போவில் 7 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. அது 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரைதான் தாங்கும் என்று செய்தது. கம்பெனி கொடுத்த முறுக்கும் சரியாக 250! கோட்டில் கால் வைத்து நின்றுவிட்டார்கள். ரீமேப் செய்தவர்கள் 300-ஐத் தாண்டிப் போகிறார்கள். அந்தப் பெட்டி ரிப்பேர் ஆனால் பில் லட்சத்தில்தான் வரும்.

பிரேக்கைப் பற்றி யாருமே பேசுவதில்லை. 50 கிலோ மீட்டரில் போகிற காரை நிறுத்துவதைவிட 100-ல் போகிற காரை நிறுத்த 4 மடங்கு உழைக்க வேண்டும், 2 மடங்கு அல்ல. என்ஜினுக்கு லட்சம் செலவழிப்பவர் பிரேக் பேடு, டயர் என்றதும் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். பளபள சக்கரம் மட்டும் உடனே வேண்டும்! காரைத் தாழ்த்தி ஸ்பிரிங் போடுகிறார்கள். முதல் வேகத்தடையிலேயே அடிவயிறு தேய்கிறது.

கோர்ட்டு என்ன சொன்னது?

"என் கார், என் காசு, யார் கேட்பது?" என்ற பேச்சு செல்லாது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத்தையும் இறுக்கினார்கள். சொந்தக்காரர் வண்டியை விதிக்கு விரோதமாக மாற்றினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

காது கிழியும் சைலன்சருக்கு ரூ.10 ஆயிரம் வரை அபராதம் உண்டு. ஜெயிலும் வரலாம். கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு பிலிமை 2012-லேயே சுப்ரீம் கோர்ட்டு தடை செய்துவிட்டது. கலர் மாற்றலாம், ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயம்தான் பலருக்கு இடி. மாற்றம் செய்ததைச் சொல்லாமல் மறைத்தால், மோதி நொறுங்கிய காருக்குப் பணம் தர முடியாது என்று கம்பெனி கை விரிக்கலாம். கார் போய்விடும், பாங்கித் தவணை மட்டும் மாசாமாசம் வரும். கையெழுத்துப் போட்டது அப்பாவாக இருந்தால் அவர் தலையில்.

சோழவரத்தில் அன்று

வேக ஆசை சென்னைக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் சோழவரத்தில் இருந்தது. அங்கே கார் பந்தயம் நடந்த காலத்தில் பியட்டையும் ஹெரால்டையும் குடைந்து வேகம் கூட்டினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் அலைமோதும். 1990-ல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. 3.7 கிலோ மீட்டர் தடம். கோவை செட்டிபாளையத்திலும் ஒரு தடம் உண்டு.

போக்ஸ்வேகன் வென்டோவை ஆபீசுக்குப் போகிற கார் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதன் டர்போ பெட்ரோல் ரகத்தின் சக்தி 105 குதிரையாக இருந்தது. 2015-ல் "வென்டோ கோப்பை" பந்தயத்துக்குக் கம்பெனியே அதை 180 குதிரையாக மாற்றியது. ஆனால் சக்தியை மட்டுமா கூட்டினார்கள்? உருண்டாலும் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் கூண்டு, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட், ஓட்டுகிறவருக்குத் தீப்பிடிக்காத உடை, தலைக்கவசம். தடத்தில் எதிரே லாரி வராது. நாய் குறுக்கே ஓடாது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவு பந்தயம் விடும் வாலிபர்களிடம் இதில் எது இருக்கிறது? கூட்டிய சக்தி மட்டும்தான். டீக்கடை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவருக்கு ஹெல்மெட் கூடக் கிடையாது. ரோட்டில் பந்தயம் விட்டுப் பிடிபட்டால் முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம்.

பழைய கார் வாங்குகிறீர்களா?

இரண்டு வருஷம் ஆட்டம் போட்டபின் இந்தக் கார்கள் எங்கே போகும்? செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு! பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டி, கம்ப்யூட்டரில் பழைய கணக்கை ஏற்றி, "டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்று நிறுத்திவிடுவார்கள்.

குறைந்த விலைக்கு டர்போ கார் வந்தால் அவசரப்படாமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஒரு நடை கொண்டுபோங்கள். கம்ப்யூட்டரை எத்தனை தடவை மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். காரின் அடியில் குனிந்து பாருங்கள். பழைய காரில் சைலன்சர் போல்ட்டு மட்டும் புதிதாய் மின்னினால் ஏன் என்று கேளுங்கள். அடுத்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறதா? உள்ளே பிளாட்டினம், பலேடியம் என்று விலை உயர்ந்த உலோகம் இருப்பதால், கழற்றினதைத் தனியே விற்றுக் காசாக்கியிருப்பார்கள். வெற்றுக் குழாய் மாட்டியிருந்தால் பிறகு புகைச் சான்றிதழுக்கு நிற்பது நீங்கள்தான்.